ஆகாயத்தில் கறுப்பு மேகம் கண்டவர்

அமெரிக்காவில் நாஷ்வில் என்று ஓர் ஊர். அங்கே 1857-ம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தது. அது பிறக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். தாயார் மெழுகினால் பூக்கள் செய்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற வான சாஸ்திரி எட்வர்ட் எமர்சன் பார்னார்ட்.

பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது இரண்டே மாதம். ஒன்பதாவது வயதில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். படத்தைப் பெரிதாக்கும் கருவியைச் சூரியன் நகர நகரத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றப் பையன்கள் அந்த வேலையில் தூங்கி விழுந்தார்கள். பார்னார்ட் தூங்கவில்லை!

வாலிபரானதும் 380 டாலர் கொடுத்து ஒரு தொலைநோக்கி வாங்கினார். புதிய வால் நட்சத்திரம் கண்டுபிடிப்பவருக்கு 200 டாலர் பரிசு தருவதாக ஒரு செல்வர் அறிவித்திருந்தார். பார்னார்ட் ஒன்றன் பின் ஒன்றாகக் கண்டுபிடித்தார். அந்தப் பரிசுப் பணத்தில் வீடு கட்டிய கடனை அடைத்தார்!

1888-ல் கலிபோர்னியாவில் உள்ள லிக் வானாராய்ச்சி நிலையம் அவரை அழைத்துக் கொண்டது. 1892-ல் வியாழனின் ஐந்தாவது சந்திரனைக் கண்டார். 1610-ல் கலிலியோ கண்ட நான்கு சந்திரன்களுக்குப் பிறகு அதுவே முதலாவது.

ஆனால் அவரை வாட்டிய புதிர் வேறு. ஆகாச கங்கையில் நட்சத்திரங்களுக்கு நடுவே அங்கங்கே கரிய திட்டுகள் தெரிந்தன. அவை நட்சத்திரமே இல்லாத ஓட்டைகள் என்று பலர் நம்பினர். பார்னார்டும் வெகுகாலம் அப்படியே எண்ணினார்.

1913-ல் ஒரு கோடை இரவு. நிலா இல்லை. அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நம் பூமியின் சிறு மேகங்கள் சில ஆகாச கங்கைக்கு எதிரே மிதந்து வந்தன. ஒளிக்கு முன்னால் அவை கன்னங்கரேல் என்று தெரிந்தன. தாம் படத்தில் கண்ட திட்டுகளும் அப்படித்தானே இருந்தன!

ஓட்டைகள் அல்ல, ஒளியை மறைக்கும் மேகங்கள்! பல ஆண்டுக் கருத்தை விட்டுவிட அவர் வெட்கப்படவில்லை. 1919-ல் 182 கரிய திட்டுகளுக்குப் பட்டியல் வெளியிட்டார்.

1923-ல் பார்னார்ட் காலமானார். அவர் எடுத்த ஆகாச கங்கைப் படங்கள் 1927-ல் நூலாக வந்தன.

இன்று விஷயம் தெளிவாகிவிட்டது. அந்தத் திட்டுகள் ஹைட்ரஜன் வாயுவும் தூசியும் கலந்த மேகங்கள். உறைபனியைவிட சுமார் 260 டிகிரி குளிர்ந்தவை. சுருள் வடிவமான நம் நட்சத்திர மண்டலத்தின் கரங்களில் இத்தகைய மேகங்கள் திரண்டு கிடக்கின்றன. அவை தம் எடையாலேயே சுருங்கும்போது புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

ஓட்டை என்று ஒதுக்கிய இடம் நட்சத்திரங்களின் தொட்டில்!