யன்னலைப் பூட்டாத லென் ஹவார்ட் அம்மையார்

எமது சங்க மலரில் பெரியார்களின் வாழ்க்கை வரலாறு வருவது வழமை. விபுலானந்த அடிகள், ஆறுமுக நாவலர் என்று வாசித்துப் பழகிய உங்களுக்கு இம்முறை ஒரு ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றி எழுதுகிறேன். இவர் அரசியல்வாதியும் இல்லை, விஞ்ஞானப் பட்டம் பெற்றவரும் இல்லை. தன் வீட்டுத் தோட்டத்துக்கு வந்த குருவிகளைப் பார்ப்பதே வாழ்க்கையாக இருந்தவர். எங்கட ஆட்களுக்கு இது வேலையில்லாதவரின் வேலையாகப் படும். ஆயினும் அவர் கண்டுசொன்ன ஒரு விடயம் அகதியாக வந்த எமக்கு மற்றவர்களைவிடக் கெதியாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

அவருடைய முழுப்பெயர் குவெண்டொலின் ஹவார்ட். 1894இல் பிறந்தார். தகப்பனார் நியூமன் ஹவார்ட் கவிதையும் நாடகமும் எழுதியவர். மகளுக்கு இசை வாய்த்தது. லண்டனில் இசை கற்பித்தார். மல்கம் சார்ஜன்ற் நடத்திய வாத்தியக் குழுவில் வியோலா வாசித்தார். நல்ல தொழில், நல்ல பெயர். 1938இல் இதையெல்லாம் விட்டுவிட்டு, நாற்பதைத் தாண்டிய வயதில், சசெக்ஸ் மாகாணத்தில் டிச்லிங் என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். பிறைற்றன் நகருக்கு வடக்கே குன்றுகளின் அடிவாரத்தில் உள்ள ஊர் அது. அங்கே தனக்கென ஒரு சிறு வீட்டை அமைத்து அதற்குப் பறவைக் குடில் என்று பொருள்படப் பெயர் வைத்தார். கலியாணம் முடிக்கவில்லை.

அந்த வீட்டின் விசேஷம் யன்னல்கள்தான். குருவிகள் நினைத்த நேரம் வந்துபோகும்படி அவை திறந்தே இருந்தன. கூடு கிடையாது, காலில் வளையம் கிடையாது, பொறி கிடையாது. அறைக்குள் தொங்கவிட்ட பெட்டிகளில் சில குருவிகள் இரவில் வந்து தூங்கின. தளபாடங்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று கேட்காதேயுங்கோ. இதை நான் எங்கட வீட்டில் செய்தால் குருவி உள்ளே வரும், நான் வெளியே போகவேண்டி வரும்.

அவர் போன அடுத்த வருடம் யுத்தம் தொடங்கியது. 1940 கோடையில் விமானச் சண்டைகள் நடந்தது தென் இங்கிலாந்தின் வானத்தில்தான். அதே வருடம் தை மாதத்தில் வெண்ணெய்க்கும் சீனிக்கும் பங்கீடு வந்தது. மனிதர் உண்ணக்கூடிய உணவை வீணாக்குவது குற்றம் என்று சட்டம் போட்டார்கள். பாணைக் குருவிக்குப் போட்டாலும் தண்டனை கிடைக்கலாம். பங்கீடு முற்றாக முடிய 1954 ஆகிவிட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற எங்களுக்கு அந்த நாட்களைப் பற்றி விளக்கம் தேவையில்லை. இந்தக் காலத்தில்தான் அம்மையாரின் வீட்டில் குருவிகளின் பழக்கம் முற்றியது.

அதிகம் வந்தது கிறேற் ரிற் என்ற குருவி. கறுத்தத் தலை, வெள்ளைக் கன்னம், மஞ்சள் நெஞ்சு, நடுவில் கழுத்துப்பட்டி கட்டினாற்போல் ஒரு கறுத்தக் கோடு. எங்கட நாட்டுப் பட்டாணிக் குருவி இதற்கு மிக நெருங்கிய சொந்தம். அதற்கு மஞ்சள் இல்லை, சாம்பல்தான். கெட்டிக்காரக் குருவி இது. வாசலில் வைத்த பால் போத்தலின் மூடியைக் கொத்தித் திறந்து ஆடையைக் குடிக்கிற பழக்கம் இந்தக் குருவிக் குடும்பத்தில் 1921இல் சவுதாம்ரன் பக்கத்தில் முதன்முதல் பதிவாகி, பிறகு நாடெல்லாம் பரவியது.

அம்மையார் ஒவ்வொரு குருவியையும் முகத்தாலும் நிற்கிற தோரணையாலும் அடையாளம் கண்டார். பெயர் வைத்தார். யார் யாரோடு சோடி சேர்ந்தது, யாருடைய பிள்ளை எங்கே இடம் பிடித்தது என்று குடும்ப வரலாறே எழுதினார். மொட்டைத்தலை என்று பொருள்படும் பெயருடைய ஒரு ஆண் குருவி அவருடைய நூலில் ஒரு முக்கிய பாத்திரம். பெரும்பாலான கிறேற் ரிற் குஞ்சுகள் முதலாவது வருடத்தைத் தாண்டுவதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், தப்பிய ஒவ்வொன்றின் வரலாற்றுக்கும் எவ்வளவு மதிப்பு என்று தெரியும்.

இனி நான் சொல்லவந்த விடயம். பறவைகள் இயந்திரம் மாதிரி இயல்புணர்ச்சியால் இயங்குபவை, ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி என்பதே அந்தக் காலத்தில் பலருடைய கருத்து. அம்மையார் மறுத்தார். மனிதரைக் கண்டு பயந்த நிலையில்தான் நீங்கள் பறவையைப் பார்க்கிறீர்கள். பயந்த உயிர் எல்லாம் ஒரே மாதிரித்தான் நடக்கும். பயம் போன பிறகுதான் ஒவ்வொன்றின் தனிக்குணமும் வெளியே வரும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1952இல் வெளிவந்த அவருடைய முதல் நூலின் பெயரே பறவைகளைத் தனி ஆட்களாகக் கொள்வது பற்றியது. பிரபல உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி அதற்கு முன்னுரை எழுதினார்.

இதை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது குருவி இல்லை, என்ர மூத்தவன். நாங்கள் இங்கு வந்த புதிதில், 1991இல், பாடசாலையிலிருந்து ஒரு அறிக்கை வந்தது. பிள்ளை பேசுவதில்லை, விளையாடுவதில்லை, கிரகிப்பது மெதுவாக உள்ளது என்று எழுதியிருந்தார்கள். வீட்டில் அவன் வாய் ஓயாத பிள்ளை. நவம்பரில் வாணவெடி போட்டால் மேசைக்குக் கீழே ஓடுவான். ஹெலிகொப்டர் சத்தத்துக்கு என்ர மனுசியும் விளக்கை அணைப்பா. அந்த வகுப்பறையில் அவர்கள் பார்த்தது என்ர மகனை இல்லை, அவனுடைய பயத்தை. இரண்டு வருடம் கழித்து அதே பாடசாலையில் அவனைக் கதைக்கவிடாமல் இருத்துவதுதான் ஆசிரியைக்குப் பெரும்பாடாக இருந்தது. ஆனால் அந்த முதல் அறிக்கை கோவையில் இருந்தபடியால் அவனைக் கீழ்ப்பிரிவில்தான் வைத்திருந்தார்கள். வெளியே எடுக்க நானும் மனுசியும் மூன்று தரம் போய்க் கதைக்க வேண்டியிருந்தது.

அம்மையாரின் நூலில் படம் எடுத்தவர் எரிக் ஹொஸ்கிங். 1909இல் லண்டனில் பிறந்து, பறவைகளைப் படம் எடுப்பதையே சீவனோபாயமாகக் கொண்ட முதல் ஆட்களில் ஒருவர். அவருடைய வழி வேறு. கன்வஸ் துணியால் ஒரு மறைப்புக் கூடாரம் அடித்து, அதைத் தூரத்தில் வைத்து, பறவை பழகப்பழகக் கிட்டக் கொண்டுவந்து, உள்ளே மூச்சுக் காட்டாமல் இருந்து எடுப்பது. 1937இல் வேல்சில் ஒரு ஆந்தையைப் படம் எடுக்கப் போனபோது அது இருட்டில் பாய்ந்து அடித்ததில் இடது கண்ணை இழந்தார். அதன் பிறகும் விடவில்லை. அதிவேக மின்வெளிச்சத்தைப் பறவைப் படத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவராகி, 1991இல் இறக்கும்வரை பெயர் பெற்று வாழ்ந்தார். மறைந்திருந்து பார்த்தவர் ஒருவர், மறையாமல் பார்த்தவர் மற்றவர். இருவரும் ஒரே நூலில் சேர்ந்தது எனக்குப் பிடித்த விடயம்.

நான் ஹொஸ்கிங் பக்கமும் இல்லை, அம்மையார் பக்கமும் இல்லை, குசினி யன்னல் பக்கம். முக்காலியைக் கதவடியில் வைத்து, கமெரா இல்லாமலே நாலைந்து நாள் விடுவேன். குருவிகளுக்கு அது ஒரு தளபாடமாகிவிடும். பிறகு கமெராவை ஏற்றுவேன். இப்போது பேரப்பிள்ளையள் கைத்தொலைபேசியிலேயே எடுக்கினம். ஆனால் கையை நீட்டிக்கொண்டு ஓடினால் வேலிதான் படத்தில் விழும். றொபின் மட்டும் அப்படியில்லை, மண்வெட்டியை எடுத்தவுடன் காலடிக்கே வந்துவிடும். காலை வெயில் பக்கவாட்டில் விழுகிற நேரம் நல்லது. இது சித்திரை மாதம், கூடு கட்டி முட்டை இடுகிற காலம். கூட்டுக்குக் கிட்டப் போய் வெளிச்சம் அடித்துப் படம் எடுக்காதேயுங்கோ. தாய் விட்டுவிட்டுப் போய்விடும். முட்டையும் கூடும் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

மீண்டும் அம்மையாரிடம் வருவோம். 1956இல் வந்த அவருடைய இரண்டாவது நூலில் ஸ்டார் என்ற பெண் குருவியின் கதை வருகிறது. அம்மையார் தட்டுகிற எண்ணிக்கையைக் கேட்டு, அந்தக் குருவி தானும் அத்தனை தரம் அலகால் தட்டும். பரிசு கடலைத் துண்டு. பிறகு எண்ணை வாயால் சொன்னாலே தட்டியது என்று எழுதுகிறார். விஞ்ஞானிகள் சந்தேகப்பட்டார்கள். சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. பேர்லினில் கணக்குச் செய்வதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரையை 1907இல் சோதித்தபோது, அது கணக்குச் செய்யவில்லை, கேள்வி கேட்பவரின் முகத்திலும் உடம்பிலும் தெரிந்த சிறு அசைவைப் பார்த்தே குளம்பை நிறுத்தியது என்று கண்டுபிடித்தார்கள். ஸ்டாரும் அப்படித்தானோ? இருக்கலாம். தனியாக ஒரு பெண், சாட்சிக்கு ஆள் இல்லை, வேறு யாரும் போய்ச் சோதிக்க வழியும் இல்லை. புதியவர் வந்தால் குருவிகள் பயந்து ஓடும் என்பதால் விருந்தாளிகளையே அவர் விரும்பவில்லை. சில இடங்களில் குருவிக்கு மனித மனத்தை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்துவிடுகிறார் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் இருபது கிராம் வராத ஒரு குருவி மனுசியின் முகத்தை வாசித்தது என்றால் அது எண் படித்ததைவிடச் சின்ன விடயமா? குடிவரவு மேசையில் அலுவலரின் புருவத்தைப் பார்த்தே பதிலை நிறுத்தப் பழகிய நாங்கள் அதைச் சின்னது என்று சொல்லமாட்டோம்.

அவருடைய முதல் நூலில் பாட்டைப் பற்றிய பகுதியும் பெரியது. வாத்தியக்காரரின் காது அல்லவா? ஒரே இனத்திலும் ஒன்று நன்றாகப் பாடும், மற்றது சுமாராகப் பாடும், கரிய பிளாக்பேட் பறவை ஒரு துண்டை எடுத்து நாளுக்கு நாள் மெருகேற்றும் என்று இசைக்குறியீட்டோடு எழுதினார்.

அதே காலத்தில், 1947இல், டேவிட் லாக் ஒக்ஸ்போர்ட் அருகே வைத்தம் காட்டில் இதே கிறேற் ரிற்களை ஆராயத் தொடங்கினார். இன்று அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட கூட்டுப்பெட்டிகள். குருவிகளுக்கு வளையம் போட்டு எண்ணுகிறார்கள். 1990களில் ஒல்லாந்து ஆய்வாளர்கள் கிறேற் ரிற்களில் சில துணிந்து தேடுபவை, சில தயங்கிப் பார்ப்பவை, அந்தக் குணம் ஆளுக்கு ஆள் நிலையானது என்று சோதனையால் காட்டினார்கள். அம்மையார் உயிரோடு இருந்திருந்தால் ஆய்வுகூடத்துக் கூட்டைத்தான் முதலில் திட்டியிருப்பார்.

எங்கட வீடுகளில் காகத்துக்குச் சோறு வைக்கிற வழக்கம் உள்ளதால் ஒரு சொல். உப்புப் போட்ட கடலை, மிக்சர், வடை இவற்றை வெளியே போடாதேயுங்கோ. உப்பு குருவிக்கு நஞ்சு. உப்பில்லாத சோறு நல்லது. தீன் தட்டைக் கிழமைக்கு ஒருதரமாவது கழுவுங்கோ. 2005 அளவிலிருந்து தீனாலும் தண்ணீராலும் பரவுகிற ஒரு தொண்டை நோய் கிறீன்பிஞ்ச் குருவிகளைப் பெருமளவு அழித்து, 2021இல் அது சிவப்புப் பட்டியலில் ஏறியது. ஊரில் நாம் அடைக்கலக் குருவி என்று அழைக்கும் வீட்டுக் குருவியும் அந்தப் பட்டியலில்தான் உள்ளது. லண்டனில் இருந்த அடைக்கலக் குருவிகளில் பெரும்பகுதி 1990களில் இல்லாமல் போய்விட்டது. எங்கட வீதியில் ஒரு வீட்டு மதிலோரப் பற்றையில் மட்டும் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. அந்தப் பற்றையை வெட்டவேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

லென் ஹவார்ட் அம்மையார் 1973இல் காலமானார். அவருடைய நூல்கள் பல மொழிகளில் வெளிவந்து ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு வாசிக்கப்பட்டவை, பிறகு மறந்துபோனார்கள். 2016இல் ஒல்லாந்து எழுத்தாளர் ஏவா மெயர் அவருடைய வாழ்வை வைத்து ஒரு நாவல் எழுதினார். அது நாவல்தான், எல்லாவற்றையும் சரித்திரமாக எடுக்கவேண்டாம். முதல் நூலை வாசிக்க விரும்புவோர் நூலகத்தில் பேட்ஸ் அஸ் இன்டிவிஜுவல்ஸ் என்று கேளுங்கோ. தங்களிடம் இல்லாவிட்டால் வேறு நூலகத்திலிருந்து எடுத்துத் தருவினம். எளிய ஆங்கிலம், பெரிய வகுப்புப் பிள்ளையள் தாங்களே வாசிப்பினம்.