என்பினுள் ஓர் ஆணி: கெர்ஹாட் குன்ச்சரின் வாழ்வு

மனித உடலின் மிக நீண்டதும் மிக வலியதுமான என்பு தொடை என்பாகும். கடந்த நூற்றாண்டின் முற்பாதி வரை, அது முறிந்தவரின் கதி துயரமானதாகவே இருந்தது. காலிற் பாரம் கட்டி இழுத்து, இரண்டு மூன்று மாதங்கள் மல்லாந்தபடியே கிடத்தி வைத்தனர். படுக்கைப் புண்ணும் நியூமோனியாவும் முதியோர் பலரைக் கொண்டுபோயின. தப்பியோரிற் பலர் குறுகிய காலுடனும் மடங்காத முழங்காலுடனும் எழுந்தனர். உடலுழைப்பை நம்பிய குடும்பங்களுக்கு அது வறுமையின் தொடக்கமாயிற்று. இந்நிலையை மாற்றியோருள் முதன்மையானவராக நாம் கொள்ளவேண்டியவர் ஜேர்மானியச் சத்திரசிகிச்சை நிபுணர் கெர்ஹாட் குன்ச்சர்.

1900 டிசம்பர் 6 ஆம் நாள் சாக்சனியிலுள்ள சுவிக்காவ் நகரிற் பிறந்த குன்ச்சர், 1930 இல் கீல் பல்கலைக்கழகச் சத்திரசிகிச்சை மனையில் இணைந்தார். தொடை என்பின் கழுத்து முறிவுக்கு ஆணி செலுத்தும் முறை அப்போது பரவிவந்தது. அதே தத்துவத்தை என்பின் நீண்ட தண்டுக்கும் பயன்படுத்தலாகாதா என அவர் சிந்தித்தார். முறிந்த இடத்தைத் திறவாமல், இடுப்புப் பக்கத்திற் சிறு வெட்டிட்டு, எக்ஸ்-கதிரின் துணையுடன் மச்சைக் குழியினூடாக நீண்ட உருக்கு ஆணியைச் செலுத்துவதே அவரது முறை. ஆணி உள்ளிருந்தே குழியின் சுவரை இறுகப் பற்றி, முறிந்த துண்டுகளை அசையாது நிறுத்தும். முறிவிடம் மூடியே இருப்பதால் கிருமித் தொற்றும் குறையும். கருவிகளைச் செய்ய எர்ன்ஸ்ட் போல் என்னும் பொறியியலாளர் துணைநின்றார்.

விலங்குகளிற் சோதித்த பின், 1939 நவம்பரில் கப்பல் கட்டும் தளத் தொழிலாளி ஒருவரின் தொடையில் முதல் ஆணி செலுத்தப்பட்டது. 1940 மார்ச்சில் பேர்லினில் கூடிய சத்திரசிகிச்சை மாநாட்டிலோ, எதிர்ப்பே மிகுந்தது. மச்சையைச் சிதைத்தால் என்பு பொருந்தாது, கொழுப்புத் துகள்கள் குருதியிற் கலந்து உயிரைப் பறிக்கும் என மூத்தோர் அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும் நோயாளர் மாதக்கணக்கிற் கிடவாது விரைவில் எழுந்து நடந்தமை காலப்போக்கில் ஐயங்களைத் தணித்தது.

போர்க்காலத்தில் குன்ச்சர் பின்லாந்திற்கு அனுப்பப்பட்டார். அங்குள்ள வைத்தியர்கள் அவரிடம் இம்முறையைக் கற்றனர். எதிரணி நாடுகள் இதனை அறிந்ததோ விந்தையான வழியில். ஜேர்மனியிற் கைதிகளாயிருந்து மீண்ட நேசநாட்டு வீரர் சிலரின் தொடைகளுள் நீண்ட உலோகத் தண்டுகள் இருப்பதைக் கண்டு, அவர்தம் நாட்டு வைத்தியர்கள் வியந்தனர். 1945 மார்ச்சில் அமெரிக்கச் சஞ்சிகையான டைம் இதுபற்றி எழுதியது.

குன்ச்சர் நாசிக் கட்சியின் உறுப்பினராயிருந்தவர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. அவர் கண்ட முறையின் பயன் அக்கறையைக் கழுவிவிடாது. அக்கறையைக் காட்டி அம்முறையின் பயனை மறுத்தலும் முறையன்று. இரண்டையும் சேர்த்து எழுதுவதே நேர்மையான வரலாறு.

போரின் பின் சிலெஸ்விக் நகரிலும், 1957 முதல் ஹம்பேர்க் துறைமுக வைத்தியசாலையிலும் தலைமை வகித்த அவர், மச்சைக் குழியைக் குடைந்து அகலமாக்கித் தடித்த ஆணி செலுத்தும் முறையையும் வளர்த்தார். 1972 டிசம்பரில் பிளென்ஸ்பேர்க்கில் மறைந்தார். ஆணியின் இரு முனைகளையும் திருகாணிகளால் என்போடு பூட்டும் முறை பின்னர் பரவியதால், நொறுங்கிய முறிவுகளும் காலின் நீளம் குறையாது பொருந்தலாயின. வளர்ந்தோரின் தொடை என்புத் தண்டு முறிவிற்கு வைத்தியர்கள் இன்றும் முதலில் நாடுவது இவ்வழியையே. போரிலோ வீதி விபத்திலோ கால் முறிந்து, தொடையினுள் உருக்குத் தண்டுடன் வேலைக்குச் சென்றுவரும் எம்மவர் எவரேனும் இதனைப் படிக்கக்கூடும். அவர் மீண்டும் நடப்பதற்கு வழிவகுத்தது கீல் நகரிற் தொடங்கிய அம்முயற்சியே.