பண்டிதை இரமாபாயின் அடுக்களை

விடுதியில் இருந்து படித்த எம்மில் எவரும் சாப்பாட்டு மணியின் ஓசையை மறந்திருக்க மாட்டோம். மணி அடித்ததும் வரிசையாய்ப் போய், வாங்கின் முன் நின்று, தலை குனிந்து ஜெபம் சொன்ன பின்புதான் அமர்வோம். சோறு, பருப்பு, ஒரு கீரை, சொதி. வெள்ளிக்கிழமைகளில் மச்சம் கிடையாது. சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே மேசையில்தான் உண்டோம். எம் பேச்சு வழக்கில் மரக்கறிச் சாப்பாட்டுக்குப் பெயரே சைவம். கிறிஸ்தவ வீடுகளிற் பிறந்து மச்சம் தொடாமல் வளர்ந்த சிலரும் எம்மிடையே இருந்தார்கள். வேதக்காரருக்கு என்ன சைவம் என்று கேட்டு அவர்களை நாம் பகிடி பண்ணியதும் உண்டு.

நூற்றாண்டு மலரில் பெண் கல்விக்கு உழைத்த ஒருவரின் வரலாறு இடம்பெற வேண்டும் என்று பேச்சு வந்தபோது பண்டிதை இரமாபாய் அம்மையாரின் பெயரை நாம் முன்வைத்ததற்கு அந்தப் பழைய பகிடியும் ஒரு காரணம். அவருடைய பாண்டித்தியத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். விடுதிச் சோற்றில் வளர்ந்த நாம் அவர் உண்டதையும் உண்ணாமல் இருந்ததையும் மற்றவர்களுக்கு உண்ணக் கொடுத்ததையும் வைத்து அவர் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

இரமாபாய் 1858 ஏப்ரல் 23 இல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், கங்காமூலம் என்ற இடத்திற் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே மராத்தியப் பிராமணர், பெரிய சமஸ்கிருத அறிஞர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் ஆகாது என்றிருந்த காலத்தில் தம் மனைவி இலட்சுமிபாயிக்கு அதைக் கற்பித்தார். எதிர்ப்பு வந்தபோது காட்டிலே குடியேறினார். அங்கே மாணவரும் யாத்திரிகரும் வந்தபடி இருந்தனர். வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டே குடும்பம் கடனில் மூழ்கியது. ஆறு மாதக் குழந்தையாக இருந்த இரமாபாயைப் பிரம்புக் கூடையில் வைத்துச் சுமந்துகொண்டு அவர்கள் தலயாத்திரை புறப்பட்டார்கள். கோயில்களிற் புராணம் வாசிப்பதும் கேட்டவர்கள் கொடுப்பதை உண்பதுமே பிழைப்பாயிற்று. பகலில் வேலை ஓயாத தாய், விடியுமுன் மகளை எழுப்பி மடியில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். எமது கல்லூரியைப் போன்ற ஒரு கட்டடத்தை இரமாபாய் சிறுவயதிற் கண்டதில்லை. தாயின் மடிதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

1870களிற் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் பிடித்தது. உடல் உழைப்புக்குப் பழகாத அந்தக் குடும்பம் நகை, பாத்திரம், துணி என்று ஒவ்வொன்றாய் விற்றது. விற்க ஒன்றும் மிஞ்சாதபோது காட்டிலே தண்ணீரும் இலைகளும் ஒரு பிடி காட்டு ஈச்சம்பழமுமாய்ப் பதினொரு நாட்கள் கழிந்தன. முதலில் தந்தை இறந்தார். பிறகு தாய் காய்ச்சலிற் படுத்தார். அவருக்காக ஒரு துண்டு கம்பு ரொட்டி கேட்கலாம் என்று இரமாபாய் அயலில் இருந்த பிராமணப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். அந்த அம்மா அன்பாய் வரவேற்று என்ன வேண்டும் என்று கேட்டார். பிள்ளைக்கு வாய் திறக்கவில்லை, கண்ணீர்தான் வந்தது. ரொட்டி கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது தாய்க்கு அதை உண்ணும் சக்தி இல்லை. பாடை சுமக்க இரண்டு பிராமணர்தாம் முன்வந்தார்கள். அண்ணன் சீனிவாசன் மூன்றாமவர்; நான்காவதாக இரமாபாயே நின்றார். உயரம் போதாமையாற் பாடையைத் தலையில் வைத்துச் சுமந்தார்.

தமக்கையும் இறந்தபின் அண்ணனும் தங்கையும் வட இந்தியா எங்கும் கால்நடையாய்த் திரிந்தார்கள். ஊறவைத்த தானியத்தில் ஒரு பிடியும் சிறிது உப்பும் சாப்பாடாய் அமைந்த நாட்கள் பல. காட்டுப் பழங்களைக் கொட்டையோடு விழுங்கிய நாட்களும் உண்டு. ஜீலம் ஆற்றங்கரைக் குளிரில் மணலிற் குழி தோண்டிக் கழுத்துவரை மூடிக்கொண்டு படுத்தார்கள். 1878 இற் கல்கத்தாவுக்கு வந்தபோது அங்குள்ள அறிஞர்கள் இரமாபாயைச் சோதித்துப் பார்த்துப் பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களை வழங்கினார்கள். அண்ணன் இறந்தபின், 1880 இல், வேறு சாதியினரான வங்காள வழக்கறிஞர் விபின் பிகாரி அவர்களை மணந்தார். இரண்டு ஆண்டுகள் முடியுமுன்பே கணவரை வாந்திபேதி கொண்டுபோயிற்று. கையிலே மனோரமா என்ற பெண் குழந்தை.

புனாவுக்கு வந்து பெண்கள் சங்கம் அமைத்ததையும், 1882 இல் ஹண்டர் ஆணைக்குழுவின் முன் பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் வைத்தியர்களும் வேண்டும் என்று சாட்சியமளித்ததையும் இங்கே சுருங்கச் சொல்லி விடுகிறோம். வைத்தியம் படிக்கலாம் என்று 1883 இல் இங்கிலாந்து போனார். காது மந்தமாகிக்கொண்டு வந்தமையால் அது கைகூடவில்லை. வாண்டேஜ் நகரிலே கன்னியர் மடம் ஒன்று அவரை ஏற்றது. வழி தவறியவர்கள் என்று உலகம் தள்ளிய பெண்களை அந்தச் சகோதரிகள் அரவணைத்ததைக் கண்டு இரமாபாய் வியந்தார். இந்த இரக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது, கிணற்றடியிற் சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட கதையை அவர்கள் வாசித்துக் காட்டினார்கள். தீண்டக்கூடாத கையாலே தண்ணீர் வாங்கிக் குடிக்கச் சம்மதித்த ஒருவரின் கதை பிராமண வீட்டுப் பெண்ணின் மனதை எப்படித் தொட்டிருக்கும் என்பதை யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளை அறிந்த எமக்கு விளக்க வேண்டியதில்லை. 1883 செப்டெம்பர் 29 இல் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

பிணக்கு வந்தது சாப்பாட்டு மேசையில். இரமாபாய் இறைச்சி உண்ணவில்லை; முட்டை சேர்ந்த புடிங்கையும் தொடவில்லை. அவருக்கு ஆன்மீகத் தாயாய் இருந்த சகோதரி ஜெரல்டீன் இதைப் பழைய சாதிப் பெருமையின் மிச்சம் என்று கருதினார். கிறிஸ்தவளான பின் இந்தப் பிடிவாதம் ஏன் என்று கடிதங்களிற் கேட்டார். இரமாபாய் பணிவாக, ஆனால் தளராமற் பதில் எழுதினார். தாம் முற்றாகச் சாதி எண்ணம் நீங்கியவர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த நேர்மை எமக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தியாவில் வாழும் ஒரு ஆங்கிலப் பெண், எவரையும் நோகடிக்காத தன் வழக்கங்களை விடாமல் இருந்தால் அவளைப் பெருமைக்காரி என்று சொல்வார்களா என்று திருப்பிக் கேட்டார். கிறிஸ்துவின் சபையிற் சேர்ந்ததால் குருமார் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் தாம் கட்டுப்பட்டவர் அல்ல என்பதையும் தெளிவாய்ச் சொன்னார். இருவருக்கும் இடையில் இருந்த அன்பு இதனால் முறியவில்லை. சகோதரியின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. எந்தக் கையாற் சமைத்தது என்று பார்த்துத் தள்ளும் வழக்கம் எம் நாட்டிற் செய்த கொடுமை கொஞ்சமல்ல. ஆயினும் தாய் ஊட்டிய உணவை விடாதிருப்பதும் அயலாளின் கைச்சோற்றைத் தள்ளுவதும் வேறு வேறு. அந்த வேற்றுமை இங்கிலாந்து மேசையிற் புலப்படவில்லை என்றே நாம் எண்ணுகிறோம். இரமாபாய் கடைசிவரை மரக்கறி உணவையே உண்டார். வெள்ளைப் பருத்திச் சேலையையே உடுத்தார்.

அமெரிக்க நண்பர்களின் உதவியோடு 1889 மார்ச் 11 இற் பம்பாயில் விதவைப் பெண்களுக்காகச் சாரதா சதனம் திறக்கப்பட்டது; அடுத்த ஆண்டு அது புனாவுக்கு மாறியது. அங்கே வந்த இந்துப் பெண்கள் தத்தம் ஆசாரப்படி சமைத்து உண்ண இடம் செய்து கொடுத்தார். மதம் மாற்றுகிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்து 1893 இற் பல பிள்ளைகளைப் பெற்றோர் கூட்டிச் சென்றார்கள். இங்கிலாந்தில் அவர் போதிய கிறிஸ்தவர் அல்லர். புனாவிலோ மிதமிஞ்சிய கிறிஸ்தவர்.

புனாவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தொலைவில், கெட்காவ் என்ற ஊரில் அவர் காணி வாங்கிப் பழமரங்கள் நட்டிருந்தார். அமெரிக்கப் பணம் நின்றுபோனாலும் பிள்ளைகளுக்குத் தோட்டம் சோறு போடும் என்பது எண்ணம். 1896-97 இல் மத்திய மாகாணங்களிற் பஞ்சம் வந்தது. பட்டினியைத் தம் உடலில் அறிந்தவராதலால் அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. நேரே போய், எலும்பும் தோலுமாய்க் கிடந்த சிறுமிகளையும் இளம் பெண்களையும் கூட்டி வந்தார். முந்நூறு பேர் வரை சேர்ந்தார்கள். கெட்காவ் காணியில் அவசரமாய்க் கொட்டில்கள் எழுந்தன. அந்த இடமே முக்தி ஆயிற்று. 1900 இல் குஜராத்திற் பஞ்சம் வந்தபின் முக்தியில் இருந்தோர் தொகை ஏறத்தாழ இரண்டாயிரம். பல சாதிகளிலும் பிறந்தவர்கள் அங்கே ஒன்றாய் வாழ்ந்தார்கள்.

இரண்டாயிரம் பேருக்கு நாள்தோறும் சமைப்பது என்றால் என்ன என்று எமது விடுதிக் குசினியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தானியம் அரைப்பது, எண்ணெய் ஆட்டுவது, மாடு பார்ப்பது, தோட்டம் கொத்துவது, துணி நெய்வது எல்லாவற்றையும் பெண்களே செய்தார்கள், படித்தும் கொண்டார்கள். பார்வையற்ற பெண்களும் எழுத்துக் கற்றார்கள். ஜோர்ஜ் முல்லரின் வாழ்க்கையை வாசித்திருந்த இரமாபாய், நாளைய அரிசிக்கு இன்றே கைநீட்டாமல் ஜெபத்தோடு காத்திருக்கும் வழியைத் தமக்கும் தெரிந்துகொண்டார். சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஸ்தோத்திரம் பழக்கத்தில் வந்த சொல்லாய்ப் போய்விடுவதை நாம் அறிவோம். கம்பு ரொட்டித் துண்டுக்காக அயல் வீட்டு வாசலில் நின்றவருக்கு அது அப்படி ஆகியிருக்க முடியாது.

தம் கடைசிக் காலத்தில் அவர் எபிரேயமும் கிரேக்கமும் கற்று வேதாகமம் முழுவதையும் எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். எழுத்து வாசனை குறைந்த பெண்களுக்கும் விளங்க வேண்டும் என்பதே நோக்கம். 1921 யூலையில் மனோரமா இறந்தார். 1922 ஏப்ரல் 5 இல் இரமாபாயும் கண் மூடினார். முக்திப் பெண்கள் அச்சுக்கோத்த அந்த வேதாகமம் 1924 இல் வெளிவந்தது.

எமது நூற்றாண்டு விழாவின் மதிய போசனம் மரக்கறியாகவே இருக்கும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. இன்றைய விலைவாசியும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை. சோறு, பருப்பு, கீரை, சொதி. பழைய மணி துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஜெபம் சொன்ன பிறகே அமர வேண்டும்.