மீனவர் கரையேற வழி தேடியவர்

கூட்டுறவுப் பொருளாதாரம் பயின்றவர்கள் சர் பிரடெரிக் நிக்கல்சன் என்ற பெயரை அறிந்திருப்பார்கள். சென்னை மாகாணத்தில் வேளாண் வங்கிகளைத் தொடங்குவது குறித்து 1895-லும் 1897-லும் இரு தொகுதிகளாக வெளிவந்த அவரது அறிக்கை, 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வித்திட்டது. கல்லூரியில் பல ஆண்டுகள் இதைப் பாடமாக நடத்தியவன் நான். பாடநூல்கள் அவரது கதையை அத்துடன் முடித்துக்கொள்கின்றன. ஆனால், பணி ஓய்வுக்குப் பிறகு மீனவர்களுக்காக அவர் செலவிட்ட ஆண்டுகளே இன்றைய கடற்கரைக்கு அதிகம் பொருந்துபவை என்பது என் கருத்து.

1846-இல் பிறந்த நிக்கல்சன், ஐ.சி.எஸ். அதிகாரியாகச் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்தவர். கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர். 1901-ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையத்தில் இடம்பெற்றவர். ஓய்வை நாடும் வயதில், மாகாணத்தின் மீன்வளத்தை ஆராயும் பொறுப்பை ஏற்றார்.

அதற்காக ஜப்பானுக்குச் சென்றார். அங்கே 1901-ஆம் ஆண்டுச் சட்டம், கரையோரக் கடலில் மீன்பிடிக்கும் உரிமையை அந்தந்த ஊர் மீனவர் சங்கங்களுக்கு உறுதிசெய்திருந்தது. சிறிய படகுகளைக் கொண்ட எளிய குடும்பங்களே ஒரு பெரும் தொழிலைத் தாங்கி நிற்க முடியும் என்பதற்கு அந்நாடு சான்றாக இருந்தது. 1907-இல் சென்னை மாகாண மீன்வளத் துறை அவரது தலைமையில் தோன்றியது.

உழவரின் கடனை ஆராய்ந்தவருக்கு மீனவரின் கடன் புதிராக இருக்கவில்லை. படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவர், வட்டியோடு நிற்பதில்லை. பிடித்த மீனைத் தமக்கே, தாம் சொல்லும் விலைக்கே விற்க வேண்டும் என்று கட்டிப்போடுகிறார். மீன் சில மணி நேரத்தில் கெட்டுவிடும் பொருள் என்பதால் மீனவரால் பேரம் பேசவும் இயலாது. எனவேதான் நிக்கல்சன் கடனையும் பதப்படுத்துதலையும் ஒன்றாகவே அணுகினார்.

மலபார் கடற்கரையில் மத்தி மீன் குவியும் காலங்களில் அதை மணலில் காயவைத்து உரமாக விற்றுவந்தனர். மீனை வேகவைத்துப் பிழிந்து, நல்ல எண்ணெயையும் தரமான உரத்தையும் தனித்தனியே எடுக்கும் எளிய முறையை அவரது துறை செய்துகாட்டியது. பெருமுதலீடு தேவைப்படாத அந்த முறையைப் பின்பற்றிக் கடலோரம் நெடுகச் சிறு ஆலைகள் எழுந்தன. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் துறை ஊக்கமளித்தது.

கட்டுமரத்திலிருந்து ஒரே தாவலில் நீராவி இழுவைக் கப்பலுக்குச் செல்வதை அவர் ஏற்கவில்லை. தொழில் வளர வேண்டும். ஆனால் அது மீனவரோடு சேர்ந்து, படிப்படியாக வளர வேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு. 1918-இல் பொறுப்பை ஜேம்ஸ் ஹார்னெலிடம் ஒப்படைத்த நிக்கல்சன், 1936-இல் காலமானார்.

விடுதலைக்குப் பிறகு நாம் அந்தத் தாவலையே தேர்ந்தெடுத்தோம். இறால் ஏற்றுமதி அந்நியச் செலாவணியைத் தந்தது. கூடவே, இறால் மிகுந்த கரையோரக் கடலுக்குள் இழுவலை விசைப்படகுகளையும் கொண்டுவந்தது. நாட்டுப்படகு மீனவர்களின் வலைகள் அறுபட்டன, மோதல்கள் மூண்டன. அதன் விளைவாகவே, கரையிலிருந்து 3 கடல் மைல் வரையிலான பகுதியை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கும் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது.

சட்டம் இருக்கிறது. ஆயினும், அந்த எல்லைக்குள் விசைப்படகுகள் நுழைவதாகவும், தடை செய்யப்பட்ட இரட்டைமடி வலைகள் பயன்படுத்தப்படுவதாகவும் மீனவர்கள் முறையிடுவது நிற்கவில்லை. அத்துமீறும் படகுக்கு விதிக்கும் அபராதம் ஒரு நாள் வருவாயைவிடக் குறைவாக இருந்தால், அது தண்டனையாகாது; தொழிற்செலவில் ஒன்றாகிவிடும். அந்தச் செலவை உண்மையில் சுமப்பவர், வெறும் வலையோடு கரை திரும்பும் சிறு மீனவரே.

ரோந்தைப் பெருக்குவதும், மீண்டும் மீண்டும் விதிமீறும் படகின் உரிமத்தை ரத்து செய்வதும் உடனடித் தேவைகள். அவை மட்டும் போதா. விசைப்படகுத் தொழிலிலும் முன்பணம் வாங்கியவர்கள் உண்டு. கடனை அடைக்கும் அவசரமும் எல்லை மீறத் தூண்டுகிறது. கூட்டுறவுக் கடனும், கரையிலேயே குளிர்பதனக் கிடங்கும், விலை பேசும் வலிமையும் மீனவருக்குக் கிடைத்தால்தான் சட்டம் நிலைக்கும். கடனையும் கடலையும் பிரித்துப் பார்க்காத நிக்கல்சனின் அணுகுமுறைக்கு, நூறாண்டு கடந்தும் வேலை மீதமிருக்கிறது.