ஒலிக்கு அளவையான பெயர்

வோல்ட்டும் ஆம்பியரும் ஓமும் அறிஞர் பெருமக்களின் பெயர்களே என்பதை நாம் பள்ளி நாளிலேயே பயின்றோம். ஒலிபெருக்கிகளுக்கு வரம்பு விதிக்கும் ஆணைகளில் காணும் டெசிபெல் என்னும் சொல்லுக்குள்ளும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். உலகம் அவரைத் தொலைபேசியின் தந்தை எனப் போற்றியது. அவரோ தம்மைக் காது கேளாதோரின் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வதையே விரும்பினார்.

1847 மார்ச் 3 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பெல் பிறந்தார். தந்தையார் மெல்வில் பெல், ஒலிகள் பிறக்கும்போது நாவும் இதழும் கொள்ளும் நிலைகளைக் குறியீடுகளாக வரைந்து காட்டியவர். தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் பயின்ற நம் மாணவர்க்கு அம்முயற்சி அயலாகத் தோன்றாது. அன்னையார் எலைசா செவிப்புலன் குன்றியவர். மைந்தர் அன்னையின் நெற்றியருகே குனிந்து தாழ்ந்த குரலில் பேசுவார். அதிர்வின் வாயிலாக அவர் பொருளை உணர்ந்துகொள்வார். ஒலி என்பது அதிர்வே என்னும் பாடத்தைப் பெல் நூலில் கற்கவில்லை, தாயின் நெற்றியில் கற்றார் என்றே நாம் கருதுகிறோம்.

உடன்பிறந்தார் இருவரையும் காசநோய் கொண்டுபோயிற்று. எஞ்சிய மகனையேனும் காக்கப் பெற்றோர் 1870இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். அடுத்த ஆண்டே பெல் பாஸ்டன் நகரில் காது கேளாத சிறார்க்குப் பேச்சுப் பயிற்றத் தொடங்கினார். அவரிடம் பயின்ற மேபெல், ஐந்து வயதில் நோயால் செவிப்புலனை இழந்தவர். 1877இல் அவரையே பெல் மணந்தார்.

வெவ்வேறு தொனிகளைக் கொண்டு ஒரே கம்பியில் பல தந்திகளை அனுப்ப முயன்றபோதுதான் தொலைபேசி பிறந்தது. 1876 மார்ச் 7 அன்று காப்புரிமை கிடைத்தது; மூன்று நாள் கழித்துக் கம்பி வழியே பேச்சு கேட்டது. எலிஷா கிரே முதலியோரோடு எழுந்த உரிமைப் பூசல் நீண்டது. அதனை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

கம்பி நீள நீளக் குரல் மெலிந்தது. மெலிவை அளக்கப் பொறியாளர்கள் முதலில் ஒரு மைல் நீளமுள்ள குறிப்பிட்ட கம்பியையே அளவுகோலாகக் கொண்டனர். தொனி உயர்ந்தால் அக்கம்பியின் இழப்பும் கூடியதால் அவ்வளவு நிலைக்கவில்லை. ஆதலின் ஆற்றல்களின் விகிதத்தை மடக்கையால் குறிக்கும் அலகு வந்தது. 1928இல் பெல் நிறுவனத்தார் அதற்கு டெசிபெல் எனப் பெயரிட்டனர். ஆற்றல் பத்தில் ஒன்றானால் இழப்பு 10 டெசிபெல், நூறில் ஒன்றானால் 20. வழியிலுள்ள இழப்புகளைப் பெருக்க வேண்டாம், கூட்டினால் போதும். கம்பியின் ஒரு முனையில் 1000 ஹெர்ட்ஸ் அளவான சோதனைத் தொனியை 1 மில்லிவாட் ஆற்றலில் செலுத்தி, மறுமுனையில் எஞ்சியதை அளப்பது தொலைபேசிப் பொறியாளரின் வழக்கமாயிற்று.

இன்று செவி மருத்துவமனையிலும் சோதனை பெரும்பாலும் அதே 1000 ஹெர்ட்ஸ் தொனியில்தான் தொடங்குகிறது. சுழியின் பொருள் மட்டுமே வேறு: அங்கே ஒரு மில்லிவாட், இங்கே நலமான இளஞ்செவி அரிதிற் கேட்கும் ஒலி. கேளாமையின் அளவும் டெசிபெல்லிலேயே எழுதப்படுகிறது. தொலைபேசியைவிட இப்பயனையே பெல் பெரிதும் உவந்திருப்பார் என்பது நம் எண்ணம்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. காது கேளாதோர் வாய்பேசியே பழக வேண்டும் என்று வற்புறுத்திய பெல், பள்ளிகளில் சைகை மொழியை எதிர்த்தார். அவர்கள் தமக்குள் மணந்துகொள்வதால் கேளாமை பெருகும் என அஞ்சி 1883இல் ஆய்வுரையும் அளித்தார். தாயும் மனைவியும் செவிப்புலன் இழந்தோராய் இருந்தும் அவர் இவ்வாறு எண்ணியது நமக்கு வியப்பே. கைகளால் பேசும் அம்மக்களுள் பலர் அக்காயத்தை இன்றும் மறக்கவில்லை.

1922 ஆகஸ்ட் 2 அன்று கனடாவில் பெல் மறைந்தார். அடக்கத்தின்போது வட அமெரிக்கத் தொலைபேசிகள் யாவும் ஒரு நிமிடம் ஓய்ந்திருந்தன. கணவர் தந்த கருவியில் ஒருநாளும் குரல் கேட்டறியாத மேபெல், ஐந்து திங்களில் அவரைப் பின்தொடர்ந்தார்.