துறைமங்கலம் சிவப்பிரகாசர்

பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலவருள் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகளுக்குத் தனியிடம் உண்டு. காஞ்சிபுரத்தில் வீரசைவ மரபில் குமாரசுவாமி தேசிகரின் மகனாகத் தோன்றியவர் அவர். இளவல்களான வேலையரும் கருணைப்பிரகாசரும் புலவர்களே. தங்கை ஞானாம்பிகையை மணந்தவர் பேரூர்ச் சாந்தலிங்க சுவாமிகள். இளமையிலேயே தந்தையை இழந்த சிவப்பிரகாசர் திருவண்ணாமலையில் தங்கியிருந்த காலத்து, மலையை வலம் வந்தவாறே சோணசைலமாலையின் 100 பாடல்களைப் பாடினார் என்பர். பாடும் ஆற்றல் அப்போதே கைவந்துவிட்டது. ஆயினும் இலக்கணத்தை ஓர் ஆசிரியரிடம் முறையாகக் கற்கவில்லை என்னும் குறை அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

துறைமங்கலத்தில் அவரை ஆதரித்த அண்ணாமலை ரெட்டியார் வழிச்செலவுக்கு 300 பொன் கொடுத்தனுப்பினார். தென்னாடு சென்ற சிவப்பிரகாசர் திருநெல்வேலியில், தாமிரபரணிக் கரையிலுள்ள சிந்துபூந்துறையில், தருமபுர ஆதீனத்து வெள்ளியம்பலத் தம்பிரானை அடைந்தார். வந்தவரின் தகுதியை அறியத் தம்பிரான் ஒரு புதிர் வைத்தார். பாடல் ‘கு’ என்று தொடங்கிக் ‘கு’ என்று முடிய வேண்டும். ‘ஊருடையான்’ என்னும் சொல் இடையில் வர வேண்டும். சிவப்பிரகாசர் தயங்காது பாடினார். ஏற்றுக்கொள்ளப்பட்டார். குறுகிய காலத்திலேயே இலக்கணம் கற்று முடித்துப் பொன்னை ஆசிரியர் முன் காணிக்கையாக வைத்தார்.

தம்பிரான் பொன்னைத் தொடவில்லை. திருச்செந்தூரில் ஒரு புலவர் தம்மை ஓயாது இகழ்ந்து வருவதாகவும், அவரை வென்று வருவதே தமக்குரிய காணிக்கை என்றும் கூறினார். துறவிக்கு இத்தகைய வேட்கை அழகுதானா என்று இன்று கேட்கலாம். மாணாக்கர் கேட்கவில்லை, திருச்செந்தூருக்குப் புறப்பட்டார். செந்திலாண்டவன்மீது நிரோட்டக யமக அந்தாதி பாடுவது; முப்பது பாடல்களை முதலில் முடிப்பவர் வென்றவர்; தோற்றவர் வென்றவருக்கு அடிமை. இதுவே இருவருக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தம்.

நிரோட்டகம் என்பது இதழ் படாத பாட்டு. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்கள் இதழ் குவிதலாற் பிறப்பன என்றும், பகர மகரங்கள் இதழ் பொருந்தப் பிறப்பன என்றும், வகரம் பல்லும் இதழும் கூடப் பிறப்பது என்றும் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துள்ளார். இவ்வெட்டும், இவை ஏறிய உயிர்மெய்களும் பாட்டில் வருதல் கூடாது. (நிரோட்டகம் என்னும் பெயரிலேயே ஓகாரம் புகுந்து இதழைக் குவிப்பது வேடிக்கை.) வடமொழியிலும் இவ்வழக்கு உண்டு. தண்டியின் தசகுமார சரிதத்தில் ஏழாம் பகுதி இதழெழுத்தின்றியே நடப்பது.

எட்டு எழுத்துத்தானே என்று எண்ணுதற்கில்லை. முருகன், குமரன், வேலன், சண்முகன், ஆறுமுகன் ஆகிய பெயர்கள் அனைத்தும் விலக்கப்பட்டன. வேலும் மயிலும் வள்ளியும் விலக்கப்பட்டன. தமிழ் என்னும் சொல்லுக்கே அங்கு இடமில்லை. இலக்கணமும் பெரிதும் முடங்கிப்போகும். நான்காம் வேற்றுமையின் கு, மூன்றாம் வேற்றுமையின் ஒடு, ஓடு, எண்ணும்மை ஆகியன ஆகா. வந்து, நின்று போன்ற உகர ஈற்று வினையெச்சங்கள் ஆகா. எதிர்காலம் காட்டும் பகர வகர இடைநிலைகளும் இல்லை. எஞ்சுவன சிலவே. கந்தன் உண்டு, சேய் உண்டு, வேலுக்கு ஈடாக அயில் உண்டு, நாடி, எண்ணி என இகரத்தில் முடியும் எச்சங்கள் உண்டு. திருச்செந்தூர் என்னும் பெயர் உதவாது போனாலும், செந்தில் என்னும் அதன் மறுபெயர் இதழில் படாமலே ஒலிப்பது புலவர்க்குக் கிடைத்த பெரும்பேறு.

இத்துடன் யமகம் வேறு. ஒவ்வொரு பாட்டின் நான்கடி முதலிலும் அதே எழுத்துத்தொடர் மீண்டும் வந்து, அடிதோறும் வேறு பொருள் தர வேண்டும். ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வேண்டும் என்பது அந்தாதியின் கட்டளை. யமக அந்தாதிகள் பெரும்பாலும் கட்டளைக் கலித்துறையில் அமைவன. அதற்கோ அடிக்கு இத்தனை எழுத்து என்னும் கணக்கும் உண்டு. சிவப்பிரகாசர் முப்பது பாடல்களையும் முதலில் முடித்தார். தோற்றவரை அழைத்துச் சென்று தம்பிரானிடம் ஒப்புவித்தார். ஆசிரியர் மனம் குளிர்ந்தது. தோற்றவரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை வழிவழி வந்த வரலாறு பேசுவதில்லை. பெரும்பாலும் அவர் பெயரைக்கூட அது சொல்வதில்லை.

உரையின் துணையின்றி அந்தாதியைப் படித்துணர்வது அரிது. பக்தியைவிடப் புலமையே அங்கு முன்னிற்கிறது என்பாரை மறுப்பதும் எளிதன்று. ஆனால் அதை எழுதிய கையே நன்னெறியையும் எழுதியது. அதன் 40 வெண்பாக்களில் பூட்டும் இல்லை, புதிரும் இல்லை; சிறுவர் மனத்திலும் பதியும் உவமைகளே உள்ளன. கன்னடச் சாமரசரின் நூலைத் தழுவி அல்லமரின் வரலாற்றைப் பிரபுலிங்க லீலையாகத் தமிழுக்குத் தந்தவரும் அவரே. திருவெங்கைக் கோவை, திருவெங்கைக் கலம்பகம், நால்வர் நான்மணிமாலை எனப் பட்டியல் நீளும். கற்பனைக் களஞ்சியம் என்னும் பெயர் இவற்றால் வந்தது. செந்தில் வெற்றியால் மட்டும் வந்ததன்று.

இவ்வளவும் பாடியவர் வாழ்ந்தது 32 ஆண்டுகளே என்பர். புதுவையை அடுத்த நல்லாற்றூரில் அவர் இறைவனடி சேர்ந்தார்.