பாலைவனத்துக்குக் குரல் கொடுத்தவர்

அவுஸ்திரேலியாவில் உறவினர்களைக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அங்கிருந்து வருவோர் கொண்டுவரும் 20 டொலர் நாணயத்தாளை உற்று நோக்கினால், அதன் ஒரு பக்கத்தில் மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவரின் முகத்தையும் அருகே ஒரு விமானத்தையும் ஒட்டகத்தையும் காணலாம். அவர் அரசியல்வாதியோ தளபதியோ அல்லர். ஜோன் ஃபிளின் என்ற பாதிரியார். ஆளில்லாப் பெருவெளியில் ஆபத்தில் சிக்கியவரின் குரல் உதவி செய்யக்கூடியவரின் காதை எட்டவேண்டும் என்பதற்காகவே தமது வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர்.

1880 ஆம் ஆண்டு விக்டோரியா மாநிலத்தில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்த ஃபிளின், மழலைப் பருவத்திலேயே தாயை இழந்தார். தாமும் சிறிதுகாலம் ஆசிரியராகப் பணியாற்றிய பின்னர் இறையியல் கற்று, 1911 இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டில் அவரது திருச்சபை, உள்நாட்டுப் பகுதிகளுக்கென ஆரம்பித்த பணியகத்தின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்கால உள்நாட்டு அவுஸ்திரேலியாவில் ஒரு கால்நடைப் பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே பல நாள் பயணத்தூரம் இருந்தது. ஏறத்தாழ 20 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புக்கு இரண்டே வைத்தியர்கள். ஆப்கானியர் எனப் பொதுப்பெயரால் அழைக்கப்பட்ட, இன்றைய ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து சென்ற முஸ்லிம் ஒட்டகக்காரர்களே அங்கு சரக்குப் போக்குவரத்தின் முதுகெலும்பாக விளங்கினர். ஃபிளின் அனுப்பிய பாதிரிமாரும் ஒட்டகத்திலேயே ஊர் ஊராகச் சென்றனர். அவர் பல இடங்களில் தாதியர் இல்லங்களையும் நிறுவினார். ஆனால், தாதியால் தீர்க்க முடியாத நோய் வந்தால் என்ன செய்வது?

1917 இல் நிகழ்ந்த ஒரு சம்பவம் இக்கேள்வியை நாடெங்கும் எழுப்பியது. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஹோல்ஸ் கிறீக் அருகே ஜிம்மி டார்சி என்ற மாடு மேய்க்கும் இளைஞர் குதிரையிலிருந்து வீழ்ந்து படுகாயமடைந்தார். அவ்வூரில் வைத்தியர் இல்லை. முதலுதவிப் பயிற்சி பெற்ற தபாலதிபர் ஒருவரே இருந்தார். தொலைதூரத்துப் பேர்த் நகரிலிருந்த வைத்தியர் தந்தியில் மோர்ஸ் குறிகளால் வழிகாட்ட, தபாலதிபர் பேனாக்கத்தியால் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் அவ்வைத்தியர் கப்பலிலும் மோட்டார் வண்டியிலும் குதிரையிலுமாகப் பல நாட்கள் பயணம் செய்து அவ்வூரை அடைந்தபோது, டார்சி அதற்கு முதல்நாள் இறந்துபோயிருந்தார்.

தந்தி செய்தியை உடனே கொண்டு சேர்த்தது. வைத்தியரை உடனே கொண்டு சேர்க்க வழியில்லை. அதே ஆண்டில், போருக்குச் சென்றுகொண்டிருந்த கிளிபர்ட் பீல் என்ற மருத்துவ மாணவர், வைத்தியரை விமானத்தில் அனுப்பலாம் என்ற யோசனையைக் கடிதம் மூலம் ஃபிளினுக்குத் தெரிவித்தார். 1918 இல் பீல் பிரான்சில் கொல்லப்பட்டார். தமது யோசனை கைகூடியதை அவர் அறியவில்லை.

பத்தாண்டுகள் நிதி திரட்டி, 1928 மே 17 ஆம் திகதி குயின்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து முதலாவது பறக்கும் வைத்தியரை ஃபிளின் அனுப்பிவைத்தார். முதல் ஆண்டிலேயே 225 நோயாளர்கள் சிகிச்சை பெற்றனர். எனினும் தந்திக்கம்பி எட்டாத பண்ணையில் வாழும் ஒருவர் வைத்தியரை எவ்வாறு அழைப்பது? அழைக்க வழியில்லாத இடத்தில் விமானம் இருந்தும் பயனில்லை என்பதை ஃபிளின் முன்னரே உணர்ந்திருந்தார்.

இதற்கு விடை கண்டவர் அடிலெய்ட் நகரின் மின்பொறியியலாளர் அல்பிரட் டிரேகர். மின்சாரமற்ற பண்ணைகளில் பாரமான மின்கலங்களை நம்பியிருக்க முடியாது. எனவே, துவிச்சக்கர வண்டியைப் போலக் காலால் மிதித்து மின்சாரம் பிறப்பிக்கும் கருவியை அவர் வானொலியுடன் இணைத்தார். அது தந்த மின்சாரம் ஏறத்தாழ 20 வாற்று மாத்திரமே. ஆயினும் பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால் செய்தி அனுப்ப அது போதுமானதாக இருந்தது. 1929 இல் முதற் கருவிகள் பண்ணைகளை அடைந்தன. மோர்ஸ் குறி அறியாதோருக்காக, எழுத்தை அழுத்தினால் தானே குறியாக மாறிச் செல்லும் தட்டச்சுப் பலகையையும் டிரேகர் உருவாக்கினார். 1930 களின் நடுப்பகுதியில் குரலாலேயே பேசும் வசதியும் வந்தது. 1951 இல் அதே வானொலி வலையமைப்பின் மூலம் பிள்ளைகளுக்கான வான்வழிப் பாடசாலை அலிஸ் ஸ்பிறிங்ஸில் ஆரம்பமானது. ஃபிளின் அவ்வாண்டு மே மாதம் சிட்னியில் காலமானார்.

இத்தகைய மனிதரின் வாழ்விலும் ஒரு குறை உண்டு. அவர் விரித்த பாதுகாப்புப் போர்வை பிரதானமாக வெள்ளைக் குடியேறிகளுக்கே உரியதாயிருந்தது. மண்ணின் மைந்தர்களான ஆதிவாசிகளை அவர் புறக்கணித்தார் என்ற விமர்சனம் அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்தது. அவரது அஸ்தி வைக்கப்பட்ட இடத்தில் நிறுத்தப்பட்ட பெரும் பாறையும் ஆதிவாசிகளின் புனிதத் தலமான கார்லு கார்லுவிலிருந்து அவர்களின் சம்மதமின்றி எடுக்கப்பட்டதே. நீண்ட முயற்சியின் பின் 1999 இல் அது உரியவர்களிடம் திரும்பியது. அதற்குப் பதிலாக அலிஸ் ஸ்பிறிங்ஸ் பகுதியின் அரெர்ன்டே மக்கள் தமது நிலத்திலிருந்து வேறொரு பாறையை மனமுவந்து வழங்கினர். போர்வைக்கு வெளியே விடப்பட்டவர்களின் பெருந்தன்மை அது.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே ஆழிப்பேரலை நமது கிழக்குக் கரையை அடைந்தது. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் தப்பியோட அவகாசம் இருந்தது; தகவல் சொல்ல எவரும் இருக்கவில்லை. பேரழிவின் பின் தொலைபேசி இணைப்புகள் அறுந்த அம்பாந்தோட்டையிலிருந்து செய்தி அனுப்பக் கைகொடுத்தது தன்னார்வ வானொலியாளர்களின் சிறு கருவிகளே.

இன்று கையடக்கமான செய்மதிக் கருவிகள் வந்துவிட்டன. நடுக்கடலிலிருந்தும் அடர்வனத்திலிருந்தும் ஒரு பொத்தானை அழுத்தி உதவி கோரலாம். ஆனால் மறுமுனையில் இரவு பகலாக விழித்திருந்து கேட்பவர் ஒருவர் வேண்டும். கேட்டதும் புறப்படும் ஏற்பாடும் வேண்டும். கருவியுடன் இவ்விரண்டையும் சேர்த்தே அமைத்ததுதான் ஃபிளினின் சாதனை. அந்த ஏற்பாட்டில் எவரையும் வெளியே விட்டுவிடலாகாது என்பதே அவரது குறை நமக்குத் தரும் பாடம். ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவரையும் மலையடிவாரத்து லயன் அறையில் உறங்கும் தொழிலாளியையும் அந்தப் போர்வை ஒருங்கே மூடவேண்டும்.